எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்

வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு 7 மணிக்கு என் முதல் சிறுகதைத் தொகுப்புக்கு இணையவழியில் ஒரு விமர்சனக் கூட்டம். ஏற்பாடு செய்திருக்கும் நண்பர்கள் சென்னையில் இருக்கிறார்கள். பேசப்போகிறவர்களில் ஒருவர் கோவையில், இன்னொருவர் சிங்கப்பூரில். நான் சிங்கம்புணரியில் பகலில் ஒரு கயிற்றுக் கடையில் கணக்கு எழுதி, இரவில் கதை எழுதுகிறவன். பத்து நாட்களாகத் தயாராகி வருகிறேன். எதைப் படிப்பது, என்ன பேசுவது என்பதற்கு முன்னால் எனக்கு வந்த கவலை வேறு. எங்கே உட்காருவது?

எங்கள் வீடு காலனியில் இருக்கிறது. அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. முன்னறைச் சுவரில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உரிந்திருக்கிறது. அதில் ஒரு அம்பேத்கர் படம், இறந்துபோன அப்பாவின் படம், கடையில் கொடுத்த நாள்காட்டி. ஊருக்குள் இருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் நல்ல புத்தக அலமாரி உண்டு. இரண்டு மணி நேரம் அந்த அறையைக் கேட்கலாமா என்று யோசித்தேன். பிறகு, செல்பேசியிலேயே பின்னணியை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு தம்பி சொல்லிக் கொடுத்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் எனக்குப் பின்னால் பெரிய நூலகமே வந்து நிற்கிறது.

அம்மா எட்டிப் பார்த்தார். "அது யாரு வீடுப்பா?" என்றார்.

"யாரு வீடும் இல்லம்மா. சும்மா படம்."

"ஏன், நம்ம வீட்டக் காட்டுனா புத்தகம் விக்காதா?"

என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு முழுக்க அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் இப்போது எழுதுகிறார்கள். நாளை அவர்களும் இந்தச் சிறிய திரைக்கு முன்னால் உட்காரப் போகிறார்கள். அவர்களுக்கும் இது உதவும்.

படிக்கக் கூடாது என்ற ஊர்

சிவகங்கை 1985இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் நாம் ராமநாதபுரம் மாவட்டம். அந்தப் பழைய மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது 8 தடைகளை விதித்தார்கள். ஆண்கள் சட்டை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் தடைகள் 11 ஆயின. அவற்றில் ஒன்று, இவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பது. இன்னொன்று, அந்தப் பிள்ளைகள் மிராசுதாரர்களின் மாடு மேய்க்க மட்டுமே போக வேண்டும் என்பது. இது செவிவழிக் கதை அல்ல. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், இந்தியச் சாதி பற்றித் தான் எழுதிய நூலில் இந்தப் பட்டியலை அப்படியே பதிவு செய்திருக்கிறார்.

என் தாத்தா அப்போது மாடு மேய்க்கும் வயதுச் சிறுவன். அவர் பேரன் எழுதிய புத்தகத்தைப் பற்றிச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் பேசப் போகிறார். நடுவில் இருப்பது இரண்டே தலைமுறை. அப்படியானால் எனக்குப் பின்னால் இருக்கும் அந்த ஓதம் ஏறிய சுவர் வெட்கப்பட வேண்டிய ஒன்றா? அந்தப் புத்தகம் எழுதப்பட்டதே அந்தச் சுவருக்குக் கீழேதான். கடன் வாங்கிய அலமாரியின் முன்னால் உட்கார்ந்து காலனியைப் பற்றிய கதையை வாசித்தால், நான் எழுதியதை நானே மறுத்தது போலாகும்.

இதைச் சொல்வதால், பின்னணியை மறைக்கும் எல்லோரும் கோழைகள் என்று பொருள் அல்ல. முகவரி தெரிந்தால் தொல்லை வரும் என்ற நிலையில் இருப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், மறைப்பதே சரி. அது பாதுகாப்பு. ஆனால் பாதுகாப்புக்காக மறைப்பதும் கூச்சத்தால் மறைப்பதும் ஒன்றல்ல. எதற்காக மறைக்கிறோம் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இணையம் கொடுத்தது

இணையக் கூட்டத்தால் நமக்குக் கிடைத்த நன்மை சிறியது அல்ல. நேரில் ஒரு வெளியீட்டு விழா நடத்துவது என்றால் மண்டப வாடகை, ஒலிபெருக்கி, பேச்சாளர்களின் பயணச் செலவு, சாப்பாடு எல்லாம் வேண்டும். பணம் இருந்தாலும், எந்த மண்டபம் யாருக்குக் கிடைக்கும் என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தலைமை யார், மேடையில் நாற்காலி யாருக்கு, மாலை யாருக்கு முதலில் என்பது தனிக் கணக்கு. இணையத்தில் எல்லோருக்கும் ஒரே அளவுக் கட்டம். அங்கே மேல் வரிசை, கீழ் வரிசை கிடையாது.

தொலைவில் இருப்பவர்களை எழுத்தால் கூட்டிச் சேர்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். கோலார் தங்கவயல் தொழிலாளர்களும் கடல் தாண்டி ரங்கூனுக்குப் போன நம் மக்களும் அதைப் படித்தார்கள். தபாலில் போன அந்த ஒரு பைசா இதழ்தான் அந்தக் காலத்து இணையக் கூட்டம். அவர்கள் வழியில் வந்தவர்கள் நாம்.

ஆனால் மேடைக்கு ஏறும் படிகள் இல்லாமல் போனதால் சாதியும் இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அது அங்கே கேள்வியாக வருகிறது, கீழே ஓடும் கருத்துப் பதிவாக வருகிறது, சில நேரம் அழைப்பே ரத்தாவதாகவும் வருகிறது. அதனால் தலித் எழுத்தாளர் ஒருவர் தயாராவது என்பது விளக்கையும் செல்பேசியையும் சரிபார்ப்பதோடு முடிவதில்லை.

முதல் கூட்டம் நம் தெருவில்

பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. தமிழில் தலித் தன்வரலாற்று எழுத்துக்குப் பெரிய திறப்பாக அமைந்த நூல் அது. 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கும் போனது. ஆனால் நூல் வெளிவந்த புதிதில், தங்களைக் குறைவாகக் காட்டிவிட்டார் என்று சொந்த ஊர் மக்களே கோபப்பட்டார்கள். ஏறத்தாழ ஏழு மாதம் பாமாவால் தன் ஊருக்குள் போக முடியவில்லை. நம் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் எல்லோரும் இதை நினைவில் வைக்க வேண்டும். நாம் எழுதுவது நம்முடைய கதை மட்டும் அல்ல. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் கதையும்தான்.

அதனால் போன வாரம் எங்கள் தெருவில், சமுதாயக் கூடத்துத் திண்ணையில் சிலரை உட்காரவைத்து இரண்டு கதைகளைப் படித்துக் காட்டினேன். முதல் கதைக்குச் சிரித்தார்கள். இரண்டாவது கதையில், திருவிழா நாளில் ஒரு வீட்டின் பின்வாசலில் மீந்த சோற்றுக்காகக் காத்திருக்கும் பெண் வருவாள். படித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. ஒரு பெரியாத்தா எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். "எழுதுனது தப்பில்லப்பா. நடந்ததத்தான எழுதுன" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

கதையில் அவர் பெயர் இல்லை. தெருப் பெயர் இல்லை. ஆனாலும் அது தன் கதை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அச்சான புத்தகத்தை இனி மாற்ற முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எதைப் படிப்பது என்பது என் கையில்தான் இருக்கிறது. அந்தப் பகுதியைப் படிக்கப் போவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "ஏன், படியேன். இப்பத்தான் கேட்டுட்டியே" என்றார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

இந்த ஒரு வார்த்தையைப் புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே கேட்டிருக்க வேண்டும். தவறு என்னுடையதுதான். இனி எழுதுகிறவர்கள் அதைச் செய்யாதிருக்கட்டும். முதல் வாசிப்பு நம் தெருவில் நடக்கட்டும், அதற்குப் பிறகு உலகம்.

எந்தப் பக்கத்தைப் படிப்பது

கூட்டம் நடத்துகிறவர்கள் அன்பானவர்கள். ஆனால் அவர்களில் பலர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மனதை உலுக்கும் ஒரு பகுதியைப் படியுங்கள் என்கிறார்கள். அதாவது அவமானப்பட்ட பகுதி, அடிபட்ட பகுதி. அதைப் படித்தால் கேட்பவர்கள் கண்ணீர் விடுவார்கள். கண்ணீரோடு கூட்டம் முடிந்துவிடும். புத்தகத்தில் மற்ற 120 பக்கங்கள் இருப்பது யாருக்கும் தெரியாது.

நம் மாவட்டத்துக்காரரான கே.ஏ. குணசேகரனை நினைத்துப் பாருங்கள். இளையான்குடி அருகே மாரந்தையில் 1955இல் பிறந்தவர். நாட்டுப்புறப் பாடகர், நாடகக்காரர், புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர், சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். 2016 ஜனவரியில் மறைந்தார். அவருடைய தன்வரலாறான 'வடு' 2005இல் வெளிவந்தது. தலைப்பே காயத்தின் தழும்பைச் சொன்னாலும் அந்த நூல் வெறும் புலம்பல் அல்ல. இளையான்குடித் தெருக்களும் பள்ளிக்கூடமும் பசியும் பாட்டும் மனிதர்களும் அதில் இருக்கிறார்கள். வலியைச் சொன்னார். வலி மட்டுமே நாங்கள் என்று சொல்லவில்லை.

நான் படிக்கத் தேர்ந்தெடுத்திருப்பது கயிறு திரிக்கும் பெண்களின் பேச்சு வரும் பகுதி. சிங்கம்புணரிக் கயிறு எங்கெங்கோ போகிறது. அதைத் திரிக்கும் கைகளின் பெயர் எங்கும் போவதில்லை. கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். 4 பக்கத்துக்கு 11 நிமிடம் ஆனது. மூன்று முறை படித்த பிறகுதான் எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரிந்தது. வட்டார வழக்கை மேடைக்காகத் திருத்தவில்லை. புரியாத சொல் இருந்தால் கேட்பார்கள், சொல்வேன்.

கேள்விகளுக்குத் தயாராதல்

வரக்கூடிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறேன்.

"சிங்கம்புணரியில எந்தப் பக்கம்?" இது கட்டாயம் வரும். நம் பக்கத்தில் சாதியை யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. எந்த ஊர் என்பார்கள். பிறகு எந்தத் தெரு என்பார்கள். பிறகு ஊருக்குள்ளா, காலனியா என்பார்கள். கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்று பெருமையோடு சொல்லப்படும் மகிபாலன்பட்டி எங்களுக்குப் பக்கம்தான். அந்தப் புலவரைப் பற்றி மேடைதோறும் பேசிவிட்டு, கீழே இறங்கியதும் எந்தப் பக்கம் என்று கேட்கிறோம். முன்பெல்லாம் "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று சொல்லி நழுவிவிடுவேன். இந்த முறை "காலனி" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் போகிறேன்.

"இப்பல்லாம் யாரு சார் சாதி பாக்குறா?" இதற்குக் கோபப்படத் தேவையில்லை. உங்கள் ஊரில் சுடுகாடு எத்தனை என்று திருப்பிக் கேட்டால் போதும்.

"உங்களைத் தலித் எழுத்தாளர்னு சொல்லலாமா, எழுத்தாளர்னே சொல்லலாமா?" இதில் நம் எழுத்தாளர்களிடமே இரண்டு கருத்து உண்டு. அந்த அடையாளத்தைக் கொடியாகப் பிடித்தவர்களும் இருக்கிறார்கள், அது தங்கள் எழுத்தை ஒரு மூலையில் ஒதுக்குகிறது என்று மறுத்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. என் பதில் இது: அந்தச் சொல்லை நான் சொல்லிக்கொள்வேன். ஆனால் மொழிநடையைப் பற்றிய அமர்வுக்கும் என்னைக் கூப்பிடுங்கள், ஏப்ரல் 14க்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

"இதெல்லாம் நெசமா நடந்ததா, இல்ல கயிறு திரிக்கிறீங்களா?" கயிற்றுக் கடையில் வேலை பார்க்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். கயிறு திரிப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அவர்களுக்குத் தெரியாது என்பேன்.

கதவை மூடினால்

எல்லாம் தயாரான பிறகும் கூட்டம் நடக்காமல் போகலாம். அண்ணல் அம்பேத்கருக்கே அது நடந்தது. லாகூரில் சாதி ஒழிப்புக்காக இயங்கிய ஜாத்-பாத் தோடக் மண்டல் 1936 மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையை முன்கூட்டியே பார்த்த அமைப்பாளர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அவர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார். மாநாடு ரத்தானது. அவர் அந்த உரையைத் தன் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். பெரியாரின் 'குடி அரசு' வழியாக அது தமிழுக்கும் வந்தது. அந்த மாநாட்டை நடத்த இருந்தவர்களின் பெயர் இன்று நினைவிருப்பதே அந்த உரையால்தான்.

86 ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரலில், இதே கதை இணையக் காலத்தில் நடந்தது. அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பத்துத் தலித் செயல்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் கூகுள் நியூஸ் ஊழியர்களிடம் சாதி பற்றிப் பேச இருந்தார். அவர் இந்துக்களுக்கு எதிரானவர் என்று சில ஊழியர்கள் மேலிடத்துக்கு எழுதினார்கள். நிகழ்ச்சி ரத்தானது. அதை ஏற்பாடு செய்த தனுஜா குப்தா அந்த நிறுவனத்திலிருந்தே விலகினார். தேன்மொழியின் சாதி பற்றிய நூல் அதே ஆண்டு வெளிவந்தது.

இரண்டு நிகழ்ச்சிகளும் சொல்லும் பாடம் ஒன்றுதான். பேச வேண்டியதை முழுதாக எழுதிக் கையில் வைத்திருங்கள். அழைப்பு போனாலும் உரை நம்மிடம் இருக்கும்.

கூட்டம் நடந்து, நடுவில் யாராவது புகுந்து சாதியைச் சொல்லி ஏசினால் என்ன செய்வது? நடத்துகிறவரிடம் முன்பே பேசிவைக்க வேண்டும். வருகிறவர்களை ஒவ்வொருவராக அனுமதிக்கும் காத்திருப்பு அறை இருக்கட்டும். எல்லோருடைய ஒலியையும் அடைக்கும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கட்டும். மற்றவர்கள் தங்கள் திரையைக் காட்டும் வசதியை மூடிவையுங்கள். கருத்துப் பதிவுகளைப் பார்க்கும் வேலையை எழுத்தாளர் செய்யக் கூடாது, வேறொரு நண்பர் பார்க்கட்டும். ஏச்சு வந்தால் உடனே அழித்துவிடாமல் பெயரும் நேரமும் தெரியும்படி திரையைப் படம் எடுத்துவையுங்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இணையத்துக்கும் பொருந்தும். பாதிக்கப்பட்டவர் அந்த இடத்தில் நேரில் இல்லாவிட்டாலும் இணையத்தில் இழிவுபடுத்துவது குற்றமே என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு முன்ஜாமீன் மனுவில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கடைசியாக, யார் கேட்கப் போகிறார்கள் என்ற கேள்வி. சிங்கப்பூர்க்காரர் கேட்பார். சென்னைக்காரர் கேட்பார். கதையில் வரும் பெரியாத்தா கேட்பாரா? அவரிடம் இருப்பது பொத்தான் செல்பேசி. இரண்டு மணி நேரம் படம் ஓடினால் பிள்ளைகளின் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். நம்மைப் பற்றிய கூட்டம் நமக்குக் கேட்காமலே நடந்து முடியலாம்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு நல்ல செல்பேசி, ஒரு ஒலிபெருக்கி, சமுதாயக் கூடத்தின் ஒரு சுவர் போதும். தெருவே சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம். அந்தக் கிழமையில் மின்வாரியப் பராமரிப்பு இருக்கிறதா என்று செய்தித்தாளில் பார்த்துவையுங்கள். ஜூம் செயலியின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் நின்றுவிடும், அதற்கேற்ப ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் கையில் இருக்கட்டும். முக்கியமாக, எங்கள் தெருவிலிருந்து ஒருவராவது கேள்வி கேட்க வேண்டும்.

கூட்டத்தைப் பதிவு செய்து பத்திரப்படுத்துங்கள். அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். அவர் எழுத்துகள் ஞான. அலாய்சியஸின் உழைப்பால் பெருந்தொகுப்பாக வந்தது 1999இல்தான். இடையில் 85 ஆண்டுகள். நம் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற ஒரு தனி மனிதர் தாள் தாளாகச் சேர்த்துவைத்ததுதான் இன்று சென்னையில் பெரிய ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. நம் பேச்சையும் எழுத்தையும் நாம்தான் சேர்த்துவைக்க வேண்டும். பிறர் வந்து தேடட்டும் என்று காத்திருக்க முடியாது.

நேற்று அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். அடிக்கப் போகிறேன். ஓதத்தை மறைக்க அல்ல, வீட்டுக்கு விருந்து வருகிறது என்பதற்காக. அம்பேத்கர் படமும் அப்பாவின் படமும் இருந்த இடத்திலேயே இருக்கும். பெரியாத்தா தானும் வந்து பக்கத்தில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியைப் படிப்பதா வேண்டாமா என்பதை அன்று அவரே சொல்லட்டும்.